படித்ததைப் பேசுவது எப்படி: வாசகர் வட்டத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தனியாகப் படித்துக்கொண்டே இருப்பவருக்கு ஒரு கட்டத்தில் பேச்சுத்துணை தேவைப்படும். ஒரு நாவலை முடித்துக் கீழே வைத்ததும் இதை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றும். வீட்டில் சொன்னால் "சரி, சாப்பிட வா" என்பார்கள். அலுவலகத்தில் சொன்னால் "இதுக்கெல்லாம் உனக்கு எப்படி நேரம் கிடைக்குது?" என்பார்கள். அப்படி நிற்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. படித்ததை எப்படிச் சொல்வது, பிறருக்கு ஒரு புத்தகத்தை எப்படிப் பரிந்துரைப்பது, பேசுவதற்கு எங்கே போவது, ஊரில் கூட்டமே இல்லையென்றால் நாலு பேரை எப்படிச் சேர்ப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், படிக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்

பேசப் போகும் நாளில் புத்தகத்தைப் புரட்டினால் ஒன்றும் கிடைக்காது. பிடித்த வரி வலது பக்கத்தில் மேலே எங்கோ இருந்தது என்பது மட்டும்தான் நினைவிருக்கும். எனவே படிக்கும்போதே பக்க எண்ணைக் குறித்து வையுங்கள். சொந்தப் புத்தகம் என்றால் பென்சிலால் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போதும். நூலகப் புத்தகம் என்றால் கோடு கூடாது. ஒரு துண்டுக் காகிதத்தைப் பக்க அடையாளமாக வைத்து, அதிலேயே எழுதிக்கொள்ளலாம்.

பிடித்த இடங்களைக் குறிப்பதை எல்லோரும் செய்வார்கள். அலுத்துப்போய்ப் புத்தகத்தை மூடிய இடத்தையும் குறித்து வையுங்கள். எந்தப் பக்கத்தில் கைபேசியை எடுத்தீர்கள், எந்த அத்தியாயத்துக்குப் பிறகு ஒரு வாரம் தொடவே இல்லை என்பதெல்லாம் பேச்சில் மிகவும் பயன்படும். அடுத்து அதைப் படிக்கப் போகிறவருக்கு உங்கள் பாராட்டைவிட இந்தத் தகவல்தான் உதவும்.

இன்னொன்று, அணிந்துரையைக் கடைசியில் படியுங்கள். தமிழில் அணிந்துரை எழுதும் பெரியவர்கள் பலருக்குக் கதையை முழுக்கச் சொல்லிவிடும் பழக்கம் உண்டு. முடிவு தெரிந்துவிடுவதுகூடப் பரவாயில்லை. அவர்கள் சொன்ன கருத்தை நம்முடையதாக நினைத்துக்கொண்டு கூட்டத்தில் ஒப்பிக்கிறோமே, அதுதான் வம்பு.

பேச ஐந்து நிமிடம் போதும்

புதிதாகப் பேச வருபவர்கள் பெரும்பாலும் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். "நாயகன் பேரு இது, அவன் அப்பா ஒரு வாத்தியார், அவங்க ஊர்ல ஒரு கோயில்..." என்று போகும். பத்து நிமிடம் ஆனாலும் நாயகன் பள்ளிக்கூடத்தைத் தாண்டியிருக்க மாட்டான். படிக்காதவர்களுக்கு இனிப் படிக்கும் ஆசை போய்விடும், படித்தவர்களுக்குக் கேட்பதற்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. கதைச் சுருக்கம் பின்னட்டையிலேயே இருக்கிறது. அதில் இல்லாதது, படித்தபோது உங்களுக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும்தான்.

இப்படி ஒருவர் பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள்: "அருமையான நாவல். ஆழமான பாத்திரப் படைப்பு. எல்லோரும் கட்டாயம் படிக்கவேண்டும்." இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இதை எந்த நாவலுக்கு வேண்டுமானாலும் சொல்லலாம். இன்னொருவர் இப்படிச் சொல்கிறார்: "முந்நூற்றைம்பது பக்கம். கரிசல் காட்டு ஊர். முதல் அறுபது பக்கம் எனக்கு ஓடவே இல்லை. பேச்சு வழக்கு பிடிபடவில்லை, யார் யாருக்கு மச்சான் என்று குழப்பம். கிணறு வெட்டுகிற அத்தியாயம் வந்த பிறகு கீழே வைக்க முடியவில்லை. எங்கள் தாத்தாவும் இப்படிக் கிணற்றில் காசைப் போட்டுத் தீர்த்தவர்தான். கடைசிப் பகுதியில் ஆசிரியர் கொஞ்சம் பிரசங்கம் செய்கிறார், அது எனக்கு ஒட்டவில்லை." இதைக் கேட்டதும் இது தனக்கான புத்தகமா இல்லையா என்று ஒவ்வொருவரும் முடிவு செய்துகொள்ளலாம். அந்த அறுபது பக்கத்தை எப்படியாவது தாண்டிவிடவேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது.

ஆக, எத்தனை பக்கம், எந்த ஊர், எந்தக் காலம், நாவலா கட்டுரையா என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். பிறகு உங்கள் அனுபவத்துக்கு வாருங்கள். நடுவில் எங்காவது ஒரு பத்தியைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கடைசியாக, ஒட்டாமல் போன ஒன்றையும் சொல்லிவிடுங்கள். குறையே சொல்லாதவரின் பரிந்துரையை நாளடைவில் யாரும் நம்புவதில்லை.

கதையின் திருப்பங்களை எதுவரை சொல்லலாம்? நூலின் முதல் கால்பகுதி வரை நடப்பதைத் தாராளமாகச் சொல்லலாம் என்பது என் கணக்கு. அதற்கு மேல் சொல்லவேண்டியிருந்தால், "படிக்காதவங்க இருக்கீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கட்டுரை, வரலாற்று நூல்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

வாசித்துக் காட்டுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். கூட்டங்களில் இது குறைந்துகொண்டே வருவதில் எனக்கு வருத்தம் உண்டு. ரசிகமணி டி.கே.சி. (டி.கே. சிதம்பரநாத முதலியார்) திருநெல்வேலியில் தம் வீட்டில் நடத்திய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தில், ஒரு கம்பன் பாட்டை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லி ரசிப்பார்கள். ஒரு மாலைப்பொழுதுக்கு அது போதும். திராவிட இயக்கத்தின் படிப்பகங்களிலும் சலூன்களிலும் டீக்கடைகளிலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, எழுத்து தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். நீங்களும் வாசிக்கலாம். வட்டார வழக்கில் எழுதிய புத்தகத்தைக் கண்ணால் படிக்கத் திணறுபவர்கள்கூட, காதால் கேட்டால் சட்டென்று புரிந்துகொள்வார்கள். முதல்நாள் வீட்டில் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

நூலுக்கு என்ன விருது கிடைத்தது, ஆசிரியர் யாரோடு சண்டை போட்டார் என்பவற்றைத் தேநீர் நேரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். சுவாரசியமாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தொட்டால் புத்தகத்தை யாரும் மறுபடி தொடமாட்டார்கள்.

பரிந்துரை ஆளைப் பார்த்து இருக்கட்டும்

சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931இல் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை எழுதினார். உலகமெங்கும் நூலகர்கள் படிக்கும் விதிகள் அவை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது அதில் இரண்டாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. பரிந்துரை செய்பவர்களுக்கு இந்த மூன்றும் போதும்.

யாராவது "ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்க" என்றால் உடனே சொல்லிவிடாதீர்கள். கடைசியாக முழுசாகப் படித்து முடித்த புத்தகம் எது என்று கேளுங்கள். "முழுசாக" என்பது முக்கியம், வாங்கி வைத்திருப்பது கணக்கில்லை. எப்போது படிப்பார் என்றும் கேட்கவேண்டும். பேருந்தில் அரைமணி நேரம் கிடைப்பவருக்குச் சிறுகதைத் தொகுப்பு சரிவரும். இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் படிப்பவரிடம் கனமான கோட்பாட்டு நூலைக் கொடுத்தால் மூன்றாம் பக்கத்தில் தூங்கிவிடுவார். வயதானவர் என்றால் எழுத்தின் அளவைப் பாருங்கள். பழைய மலிவுப் பதிப்புகளில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். புத்தகம் நல்லதாக இருந்தும் கண் வலியால் நிறுத்திவிட்டவர்கள் நிறைய.

கேட்டு முடித்ததும் ஒரே ஒரு புத்தகத்தைச் சொல்லுங்கள். பத்துத் தலைப்புகளை எழுதிக் கொடுத்தால் அந்தத் தாள் சட்டைப் பையோடு சலவைக்குப் போய்விடும். ஒன்றைச் சொல்லி, ஏன் உங்களுக்கு இது என்று ஒரு காரணமும் சொன்னால் மனதில் நிற்கும். "நீங்க ரயில்வேயில இருந்தவர், இதுல ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் வர்றார்" என்பதுகூடப் போதுமான காரணம்தான்.

தலைப்பும் ஆசிரியர் பெயரும் மட்டும் சொன்னால் போதாது என்பதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. தமிழில் பழைய நூல்கள் பலவற்றுக்குப் பல பதிப்பகங்களின் பதிப்புகள் கிடைக்கின்றன. ஒன்றில் அச்சுப்பிழை மலிந்திருக்கும், இன்னொன்று சுருக்கப் பதிப்பாக இருக்கும், அது அட்டையில் சின்னதாகத்தான் போட்டிருக்கும். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயர் கட்டாயம் வேண்டும். ஒரே ரஷ்ய நாவலுக்கு இரண்டு மூன்று தமிழ் மொழிபெயர்ப்புகள் இருக்கும்போது, உங்களை அழவைத்ததும் அவர் வாங்கியதும் வெவ்வேறாக இருக்கலாம். எளிய வழி, அட்டையையும் பதிப்பு விவரங்கள் இருக்கும் பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து அனுப்பிவிடுவது. பதிப்பகம், ஆண்டு, விலை எல்லாம் அதிலேயே வந்துவிடும். இப்போது கடையில் கிடைக்கிறதா, நூலகத்தில் மட்டும்தானா என்பதையும் சேர்த்துச் சொன்னால் நான்காம் விதி நிறைவேறியது.

சொன்ன பிறகு விட்டுவிடவேண்டும். "படிச்சாச்சா, எந்தப் பக்கம் வந்திருக்கீங்க?" என்று வாரம் ஒருமுறை கேட்டால் அவர் உங்களைப் பார்த்ததும் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

எங்கே போவது

உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் தொடங்குங்கள். தமிழ்நாட்டுப் பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஓர் அமைப்பு உண்டு. சில ஊர்களில் மாதம் தவறாமல் கூட்டம் நடக்கும், சில ஊர்களில் பெயர்ப்பலகையோடு சரி. நூலகரிடம் நேரில் போய்க் கேட்டால் தெரிந்துவிடும். கேட்கத் தயங்க வேண்டாம். 1948இலேயே இங்கே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது, நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது.

முதல் கூட்டத்தில் பேசியே ஆகவேண்டும் என்பதில்லை. உட்கார்ந்து கேளுங்கள், யார் என்ன மாதிரி படிக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டாவது மூன்றாவது கூட்டத்தில், உங்களுக்கு ஒத்த ரசனை உள்ள ஒருவர் நிச்சயம் தென்படுவார். சொல்லப்போனால், கூட்டத்துக்குப் போவதே அந்த ஒருவரைக் கண்டுபிடிக்கத்தான்.

கூட்டம் இல்லாத ஊரில் தொடங்குவது

நாலு பேர் போதும். ஆறிலிருந்து பத்துப் பேர் என்றால் மிக நன்று. பதினைந்தைத் தாண்டினால் அது பொதுக்கூட்டமாகிவிடும், பேசுபவர் எழுந்து நிற்கத் தொடங்கிவிடுவார்.

இடத்துக்கு அலைய வேண்டாம். கிளை நூலகங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை விட்டு ஞாயிறு திறந்திருக்கும். நூலகரிடம் முன்பே சொல்லிவைத்தால் ஒரு மூலையைத் தருவார். மற்ற வாசகர்களுக்குத் தொந்தரவாக இருக்கும் என்றால் பூங்கா, பள்ளிக்கூட மரத்தடி, யார் வீட்டு மொட்டைமாடியாவது பார்த்துக்கொள்ளலாம். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். வரிசையாகப் போட்டால் முன்னால் ஒருவர் பேச்சாளராகிவிடுவார்.

நாளை மாற்றாதீர்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை என்றால் எப்போதும் அதுதான். காலை வேளை வேண்டாம். ஆவணியிலும் தையிலும் ஞாயிறு காலையில் முகூர்த்தம் வந்தால் பாதிப்பேர் கல்யாண மண்டபத்தில் இருப்பார்கள். தொடங்கும் நேரத்தைவிட முடியும் நேரத்தை உறுதியாகச் சொல்வது முக்கியம். ஆறு மணிக்கு முடியும் என்றால் ஆறு மணிக்கு முடியவேண்டும். பல ஊர்க் கூட்டங்களில் ஆண்களே நிறைந்திருப்பதற்கு, பெண்கள் படிப்பதில்லை என்பது காரணம் இல்லை. எப்போது முடியும் என்று தெரியாத, கழிப்பறை வசதி இல்லாத இடத்துக்கு அவர்கள் எப்படி வருவார்கள்? இதை முதலிலேயே சரிசெய்துவிடுங்கள். வந்த பிறகு முதல் வாய்ப்பையும் அவர்களுக்குக் கொடுங்கள். கடைசியில் "அம்மா, நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்று கேட்பது மரியாதை ஆகாது.

தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நன்றியுரை எதுவும் வேண்டாம். நம் ஊரில் இரண்டு பேர் சேர்ந்தாலே ஒருவருக்கு மற்றவர் சால்வை போட்டுவிடுவார். அது ஒருமுறை நுழைந்துவிட்டால் அடுத்த மாதம் சிறப்பு விருந்தினரைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும். தேவைப்படுவது நேரம் பார்க்க ஒருவர் மட்டுமே. ஒருவருக்கு ஐந்து நிமிடம், பிறகு கேள்விகளுக்கு ஐந்து நிமிடம். ஓய்வுபெற்ற பேராசிரியராக இருந்தாலும் இதே கணக்குதான். நேரம் பார்க்கும் வேலையைக் கொஞ்சம் கறாரான ஆளிடம் கொடுங்கள். டீயும் சுண்டலும் கடைசியில் வரட்டும், நடுவில் வந்தால் பேச்சு திசைமாறிவிடும்.

முதல் சில கூட்டங்களுக்கு எல்லோரும் ஒரே சிறுகதையைப் படித்துவிட்டு வருவது நல்லது. நாவல் என்றால் பாதிப்பேர் முடித்திருக்க மாட்டார்கள், கூச்சப்பட்டு வராமலே இருந்துவிடுவார்கள். சிறுகதையை வரும் வழியில்கூடப் படித்துவிடலாம். நாட்டுடைமையாக்கப்பட்ட, அதாவது அரசு பொதுச் சொத்தாக்கிய கதையாக இருந்தால் பிரதி எடுப்பதற்கும் தடையில்லை. புதுமைப்பித்தன் தொடங்கிப் பெரிய பட்டியலே இருக்கிறது. தமிழ் நூல்களை மின்வடிவில் தொகுக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்திலிருந்து பல நூல்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

சில மாதம் போன பிறகு வேறு முறைகளையும் முயன்று பாருங்கள். சென்னையில் 1970இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, மாதந்தோறும் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கூட்டத்தில் பேசும் வழக்கத்தை வைத்துக்கொண்டது. உங்கள் ஐந்தாறு பேர் வட்டத்துக்கும் இது பொருந்தும். இந்த மாதம் ஒருவர் கைக்குக் கிடைத்த இதழ்களைப் படித்து ஒரு கதையைக் கொண்டுவரட்டும், அடுத்த மாதம் இன்னொருவர். "இதை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?" என்ற கேள்வியிலேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

கருத்து முட்டிக்கொள்ளும்போது

முட்டத்தான் செய்யும். சாதி, கட்சி, மதம் இல்லாமல் தமிழ் நாவலைப் பேச முடியாது. சூடு ஏறும்போது நான் பார்த்தவரை பலன் தருவது ஒரே கேள்விதான்: "எந்தப் பக்கத்தில்?" ஆசிரியர் இன்னாரை இழிவுபடுத்துகிறார் என்று ஒருவர் சொன்னால், அந்தப் பக்கத்தை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்துக் கேட்ட பிறகும் கருத்து மாறாமல் போகலாம். ஆனால் பேச்சு ஆளைவிட்டுப் புத்தகத்துக்கு வந்துவிடும். அந்தப் பகுதி வலித்ததென்று ஒருவர் தன் வாழ்க்கையிலிருந்து சொல்லும்போது மட்டும் குறுக்கே பேசாதீர்கள். பக்க எண்ணும் கேட்காதீர்கள்.

எழுத்தாளரை அழைப்பது தப்பில்லை, ஆனால் அவர் இருக்கும்போது யாரும் குறை சொல்லமாட்டார்கள். அவர் வருவதற்கு முந்தைய மாதமே அந்த நூலை நமக்குள் பேசி முடித்துவிடுவது உத்தமம்.

இரவலும் வாட்ஸ்அப்பும்

புத்தகம் கைமாறத் தொடங்கினால் ஒரு நோட்டுப் போடுங்கள். யார், எந்தப் புத்தகம், எந்தத் தேதி என்று வாங்குபவரே தன் கையால் எழுதவேண்டும். திரும்பி வராவிட்டால் தாங்காது என்று நினைக்கும் புத்தகத்தைக் கூட்டத்துக்கு எடுத்துவராதீர்கள், காட்டுவதற்குக்கூட.

வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூக்களும் தேர்தல் காணொளிகளும் வந்தால் குழு ஒரு மாதத்தில் செத்துவிடும். முதல்நாளே விதியைச் சொல்லிவிடுங்கள். வாழும் எழுத்தாளர்களின் நூல்களைத் திருட்டு பி.டி.எஃப்.பாக அனுப்பவே கூடாது. சில நூறு பிரதிகள் மட்டுமே அச்சாகும் தமிழ் நூல்கள் பல இருக்கின்றன. அதில் இருபது பிரதி விற்காமல் போனாலும் பதிப்பாளருக்கு உறைக்கும். வாங்க முடியாதவர்களுக்கு இரவலும் நூலகமும் இருக்கின்றன.

புத்தகக் காட்சிக்குச் சேர்ந்து போங்கள்

சென்னைப் புத்தகக் காட்சி 1977இலிருந்து நடக்கிறது, பெரும்பாலும் பொங்கலை ஒட்டி வரும். ஈரோட்டில் ஆகஸ்டில் நடக்கும். இப்போது மாவட்டந்தோறும் அரசே நடத்துகிறது. பொதுவாகப் பத்து சதவீதக் கழிவு கிடைக்கும். போகும் முன் கடைசிக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் வாங்க நினைப்பதைச் சொல்லிவிட்டால், ஒரே புத்தகத்தை ஐந்து பேர் வாங்குவதைத் தவிர்க்கலாம். ஞாயிறு மாலையில் போகாதீர்கள், நின்று புரட்ட இடம் இருக்காது. வேலைநாள் மதியம் என்றால் கடைக்காரருக்கே பேச நேரம் இருக்கும். எந்தப் புத்தகத்தை வாசகர்கள் தேடி வந்து கேட்கிறார்கள் என்று அவரிடம் விசாரியுங்கள், அவர் சொல்லும் பதில் சில நேரம் எந்த விமர்சகரும் சொல்லாததாக இருக்கும்.

பெரிய முழுத்தொகுப்புகளின் விலை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இரண்டு மூன்று பேர் பணம் போட்டு வாங்குவது நல்ல யோசனைதான். அது யார் வீட்டு அலமாரியில் இருக்கும் என்பதை மட்டும் பணம் கட்டுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.